ஆறு மாதக்காரரும் இருபது மாதக்காரரும்

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

இதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நானே எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். இப்போது ஒன்பதே முக்கால். எனக்கு அவசரமில்லை. முப்பத்து நான்கு வருடம் லிப்டுக்குள் நின்று அவசரக்காரர்களை ஏற்றி இறக்கியாகிவிட்டது. அத்தனை வருடமும் எனக்குத் தெரிந்தது ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள்தான். இப்போது எழுத்தெல்லாம் தெரியும். 'ழு' போடும்போது பேனா ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே போய்விட்டு வருகிறது. அந்த எழுத்துக்காகவே சில வாக்கியங்களைப் போடுகிறேன். கண்டுகொள்ளாதீர்கள்.

உங்களுக்குக் காது போனதிலிருந்து போனில் பேச வழியில்லை. தங்கச்சியிடம் சொன்னால் அவள் உங்களிடம் கத்திச் சொல்வதற்குள் நான் சொன்னதில் பாதியை மாற்றிவிடுகிறாள். இனிமேல் அவளுக்கு அந்த வேலை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு வருடாந்தரப் படம் எடுக்கப் போனேன். மூன்றாம் எண் அறைக் கதவில் ஒரு போஸ்டர். அதில் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழே இருந்ததை நானே கூட்டிப் படித்தேன். 'இருபது மாதம் போராடி காசநோயை வென்றவர், இன்று நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறார்.' பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க, கதவத் தொறக்கணும்" என்றார். படித்து முடித்த பிறகுதான் தள்ளினேன்.

எனக்கும்தான் டி.பி. வந்தது. உங்களுக்கு ஒரு வருடம் முந்தியே வந்தது. எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட யாரும் ஒட்டவில்லை.

நர்ஸம்மாவிடம் விசாரித்தேன். மாத்திரைக்கு அடங்காத டி.பி.க்காரர்களுக்கு, உங்கள் காதைக் கெடுத்த அந்தப் பழைய ஊசியையே எந்த அளவில் போட்டால் காது தப்பும் என்று ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம். அதில் நோயாளிகளிடம் என்ன கேட்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று நோய் வந்து போனவர்களே சொல்வதற்கு உங்கள் ஊரில் ஒரு குழுவாம். நீங்கள் அதில் ஒரு வருடமாக இருக்கிறீர்களாம். ஒரு வருடம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

இங்கேயும் ஒரு குழு தொடங்குகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டு குழுவுக்கும் சேர்த்து ஒரே ஒருவர் ஜூன் மாதம் டாக்டர்களோடு சமமாக மேசையில் உட்கார்வாராம். திட்டத்தை முடிவு செய்ய அவருக்கும் ஒரு ஓட்டாம். அந்த நாற்காலியை நான் கேட்கப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பிறகு மாப்பிள்ளை முறுக்கு காட்டக் கூடாது.

இப்போது மணி பன்னிரண்டே கால்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 12

மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்து உங்கள் தங்கச்சி அழுதுவிட்டாள். நான் அழவில்லை. இரண்டு பக்கத்தில் ஒன்பது இடத்தில் மை கொட்டியிருக்கிறது, அதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கெட்டிக்காரர்தான். அறுபத்தெட்டு வயதில் எனக்கு இந்தப் பொறுமை இருக்காது.

சொல்லவில்லை என்று கோபப்படுகிறீர்கள். நீங்கள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். டி.பி.யில் அது எல்.கே.ஜி. நான் இருபது மாதம், அதில் எட்டு மாதம் தினம் ஊசி. ஊசி குத்திக் குத்தி உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டவன். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? வேண்டுமானால் என் ஊசியில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் பத்துப் பேர். முதல் இரண்டு கூட்டத்தில் டாக்டர்கள் பேசினார்கள், நாங்கள் டீ குடித்தோம். மூன்றாவது கூட்டத்தில் நான் எழுந்து, "டிக்கெட் வாங்கினது நாங்க, பஸ் எங்க போகணும்னு நீங்களே பேசிக்கிட்டிருக்கீங்களே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள் என்று உங்கள் தங்கச்சி சொன்னாள். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் நோட்டில் குறித்துக் காட்டுகிறாள். நான் பேசுகிறேன்.

என் யோசனையைத்தான் குழு அனுப்பப் போகிறது. ஊசி போடுகிற ஒவ்வொருவரையும் மாதம் ஒரு தடவை உட்காரவைத்து, 'காது எப்படிக் கேட்கிறது?' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். என்னை அந்த எட்டு மாதத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் வண்டியில் விசில் ஊதிக்கொண்டிருப்பேன்.

நாற்காலிக்குப் போட்டியிடுங்கள், சந்தோஷம். லிப்ட்டில் நாற்காலி கிடையாது, பாவம், முப்பத்து நான்கு வருடம் நின்றே இருந்தீர்கள்.

கண்டக்டர்


மார்ச் 2

மாப்பிள்ளைக்கு,

எல்.கே.ஜி.யில் இருந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் முதல் கூட்டம். ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறை. ஜன்னலுக்கு அடித்த கறுப்புப் பெயிண்டை இன்னும் சுரண்டவில்லை, பகலிலேயே விளக்கு. ஆறு பேர் வந்தோம். முட்டை வண்டி தள்ளுகிற ஒரு அம்மா என் பக்கத்தில். உட்கார்ந்ததும், "உங்களுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். "ஆறு" என்றேன். "எனக்கு ஒம்பது" என்று நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே போனாலும் இதே கதைதான்.

உங்கள் குழு அனுப்பிய காகிதத்தை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துக் கீழே வைத்துவிட்டார்கள். நான் முதல் எழுத்திலிருந்து படித்தேன். 'ஊசி போட்ட எட்டு மாதத்தில் காதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை' என்று இருந்தது. இரண்டாவது தடவையும் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

மாப்பிள்ளை, அந்த எட்டு மாதமும் நீங்களும் தங்கச்சியும் என் வீட்டில் இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போனது நான். திங்கட்கிழமைதோறும் அந்தக் குண்டு நர்ஸ் பைலைப் பிரித்து, உங்கள் முகத்துக்கு நேரே வந்து, "காது எப்படிங்க இருக்கு?" என்று கேட்பார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சிஸ்டர்" என்பீர்கள். அவர் ஒரு டிக் போடுவார். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. டிக் தெரியும்.

எழுந்து சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, 'எனக்குத் தெரிந்த ஒரு கண்டக்டர்' என்றுதான் சொன்னேன். "அவரைக் கேட்டாங்க. வாரா வாரம் கேட்டாங்க. அவர் நல்லாக் கேக்குதுன்னு பொய் சொன்னாரு. நோயாளியக் கேட்டுப் பிரயோஜனமில்ல. கூட இருக்கிற வீட்டு ஆளக் கேளுங்க. யாருக்குக் காது போகுதுன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

முட்டைக்காரம்மா, "இது பேச்சு" என்றார். கைதட்டினார்கள். எனக்கு யாரும் இதற்கு முன்னால் கைதட்டியதில்லை. டாக்டரம்மா நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, "முதல் ரெண்டு மாசத்துல தெரிஞ்சிருந்தாக்கூட, தினமும் போடுற ஊசிய வாரம் மூணாக் குறைச்சு, மிச்சக் காதக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

உங்கள் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு என்னுடையதை அனுப்பப் போகிறார்கள். நாற்காலிக்கும் என் பெயர் அடிபடுகிறது.

உங்கள் போஸ்டர் அந்த அறைக்கு எதிரில்தான் இருக்கிறது. வெளியே வரும்போது அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் உள்ளதைத்தானே சொன்னேன்?

உங்கள் மச்சான்


மார்ச் 29

மச்சானுக்கு,

உங்கள் கூட்டக் குறிப்பை எங்கள் குழுவில் வாசித்தார்கள். 'ஒரு கண்டக்டர்' என்ற இடத்தில் மற்ற ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குறித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கச்சி பேனாவை வைத்துவிட்டாள். அதனால்தான் எனக்கே தெரிந்தது.

ஆமாம், கேட்டார்கள். நான் பொய் சொன்னேன். இரண்டாவது மாதம், நான் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற வார்டில் தங்கியிருந்த பக்கத்துக் கட்டில்காரர் காது இரைகிறது என்று சொன்னார். மறுநாளே ஊசியை நிறுத்தினார்கள். "இதுக்கு மேல வேற மருந்து இல்ல" என்று அவர் மனைவியிடம் சொன்னதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் அந்தக் கட்டில் காலி. காதா உயிரா என்று எனக்கு நானே ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டேன். வாரம் மூன்றாகக் குறைக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 'யாரும் கேட்கவில்லை' என்று குழுவில் சொன்னது வெட்கத்தில் சொன்னது. சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிவிட்டது.

இனி நான் கேட்கிறேன்.

வீட்டு ஆளைக் கேளுங்கள் என்றீர்களே, அந்த வீட்டு ஆள் யார்? நான் கேட்காமலே டி.வி. சத்தத்தை ஏற்றி வைத்தவர் யார்? பின்னால் இருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, சுற்றி முன்னால் வந்து நின்று பேச ஆரம்பித்தவர் யார்? உங்களுக்குத் தெரியும் மச்சான். தெரிந்துதான் அப்படிச் செய்தீர்கள். நர்ஸ் என்னைக் கேட்டபோதெல்லாம் ஒரு கை தூரத்தில் நின்றீர்கள்.

எனக்கு உயிர்ப் பயம். உங்களுக்கு என்ன? ஏன் சொல்லவில்லை?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நான்கு தாள் கிழித்தேன். எழுத்துத் தெரியாமல் இல்லை.

நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். உங்கள் மனதுக்கு விரோதமாகப் போகக் கூடாது என்று இருந்தேன். அது போக, நர்ஸ் கேட்கும்போது சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எனக்குக் கண் காட்டினீர்கள். மூன்று வருடத்துக்கு முந்தியது, நீங்கள் மறந்திருப்பீர்கள். வீட்டு மாப்பிள்ளை சொல்வதை மீறுவது எப்படி?

தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

மச்சான்


ஏப்ரல் 16

நான் கண் காட்டவில்லை, மச்சான்.


ஏப்ரல் 28

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கண் காட்டவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு இதை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. வாயால் சொல்வதாக இருந்தால் வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எழுதும்போது அடுத்த எழுத்து வருவதற்குள் மனது முந்திக்கொண்டு, 'இது பொய்' என்று சொல்லிவிடுகிறது.

நீங்கள் இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து எனக்குப் பேச இடமில்லை. நான்கு பேர் கூடினால் உங்கள் பஸ் கதைதான். ஆட்டைச் சட்டைக்குள் ஒளித்து ஏற்றியவன் கதை, ஒரே டிக்கெட்டில் மூன்று பேர் போன கதை. எங்கள் அப்பா சாகிற வரைக்கும், "மாப்ள, அந்த ஆட்டுக் கதையச் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். லிப்டில் என்ன கதை இருக்கிறது? ஏறுவான், இறங்குவான். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் மேனேஜரோடு இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டதை ஒரு தடவை ஆரம்பித்தேன். நடுவிலேயே நீங்கள், "அட, இது என்ன, ஒரு நாள் என் வண்டி..." என்று ஆரம்பித்தீர்கள். அப்பா உங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது.

இரண்டாவது மாதக் கடைசியில், நான் பின்னால் நின்று கூப்பிட்டேன், நீங்கள் திரும்பவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் உங்கள் எதிரில் உட்கார்ந்து அந்த மேனேஜர் கதையைச் சொன்னேன். நீங்கள் குறுக்கே பேசவில்லை. என் வாயையே பார்த்துத் தலையாட்டினீர்கள். கடைசிவரை தலையாட்டினீர்கள். மறுநாளும் ஒரு கதை சொன்னேன். அதற்கும் ஆட்டினீர்கள். ஆறு மாதம், மாப்பிள்ளை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியது கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் தங்கச்சி அடுக்களையில் என்னிடம், "அண்ணா, இவருக்குக் காது ஒரு மாதிரி இருக்கே, டாக்டர்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மருந்து அசதி" என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டுதான் எக்ஸ்ரே அறையில் எழுந்து நின்று வீட்டு ஆளைக் கேளுங்கள் என்றேன். நாளை இன்னொரு வீட்டில் என்னைப் போல ஒருவன் நர்ஸ் பக்கத்தில் நின்று, 'நல்லாக் கேக்குது' என்று டிக் வாங்கிக் கொடுப்பான். மே பதினாறாம் தேதி கடைசிக் கூட்டம். அங்கே சொல்லப் போகிறேன்.

மச்சான்


மே 7

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மேனேஜர் கதை என்றால் என்ன கதை? எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை.

கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். குறிப்பு இங்கே வரும், உங்கள் தங்கச்சி கையில்தான் முதலில் வரும். காது போனது போனதுதான். அண்ணனும் போக வேண்டாம். உங்கள் பெயர் நாற்காலிக்கு நன்றாக அடிபடுவதாகவும் கேள்வி. அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பங்கை நான் முடித்துவிட்டேன். போன கூட்டத்தில் எழுந்து, "கேட்டாங்க, நான்தான் பொய் சொன்னேன், இதனால சொன்னேன்" என்று பக்கத்துக் கட்டில்காரரையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னாலேயே, 'காது மந்தமானா மருந்த நிறுத்த மாட்டோம், குறைப்போம்' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அந்த உத்தரவாதம் இருந்தால் யாரும் என் மாதிரி நடிக்க மாட்டார்கள்.

கண்டக்டர்


மே 18

மாப்பிள்ளைக்கு,

ஒத்துக்கொள்வதிலும் எனக்கு முந்திக்கொண்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது வயிற்றெரிச்சல்தான். ஒரு நாள் முழுக்க இருந்தது.

ஆனாலும் சொன்னேன். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை, உட்கார்ந்து சொன்னேன். "என் யோசனையத் திருப்பி எடுத்துக்கறேன். அந்தக் கண்டக்டரோட வீட்டு ஆளு நான்தான்." டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "தெரிஞ்சும் ஏங்க சொல்லல?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். நாகரிகமாகச் சொல்லலாம் என்று வீட்டில் எழுதிப் பார்த்து வந்திருந்தேன், அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. "அவர் பேசாம இருந்தது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு" என்றேன்.

முட்டைக்காரம்மா நாற்காலியை என்னிடமிருந்து நகர்த்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நகர்த்தவில்லை. பிறகு, "என் மருமவளுக்கும் தெரியும். மாத்திரைய நான் துப்புறது. அவளும் யார்கிட்டயும் சொல்லல. ஏன்னு நான் இன்னிக்கி வரைக்கும் கேக்கல" என்றார். மூலையில் இருந்த தையல்காரர் தன் அண்ணனைப் பற்றி ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், அவர் வீட்டுச் சமாசாரம். டீ ஆறிப் போய், ஆடை படிந்துவிட்டது. ஒருவரும் தொடவில்லை.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து எழுதியது இது. முதல் ஊசிக்கு முந்தியே காதை மிஷினில் அளக்க வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும். கண்ணாடி அறைக்குள் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துகிற அந்த மிஷின். நோயாளி சொல்வதையும் வீட்டார் சொல்வதையும் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி டிக் போடக் கூடாது. உங்கள் குழுவின் உத்தரவாதத்தை முதல் வரியாகப் போட்டார்கள். அது இல்லாவிட்டால் மிஷினையும் ஏமாற்றுவார்கள், சும்மாவே பொத்தானை அழுத்துவார்கள் என்று தையல்காரர் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அது தோன்றவே இல்லை.

தங்கச்சிக்குக் குறிப்பு வருவதற்கு முன்னால் ஏப்ரல் கடைசியில் நான் எழுதிய கடிதத்தை நீங்களே அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு நான் தனியாகவும் எழுதுவேன். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை.

பிறகு நாற்காலிக்கு ஓட்டுச் சீட்டுப் போட்டோம். உங்கள் ஊர்ச் சீட்டுகளையும் உறையில் கொண்டுவந்து இங்கேதான் எண்ணினார்கள். உங்களுக்குப் பதினொன்று. முட்டைக்காரம்மாவுக்கு நான்கு. நாற்காலி உங்களுடையது. ஜூன் மாதம் போய் உட்காருங்கள். டாக்டர்கள் வேகமாகப் பேசுவார்கள். தங்கச்சி எழுதி முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். விழவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், மாப்பிள்ளை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.

எனக்கு விழுந்தது ஒரே ஒரு சீட்டு. யார் போட்டது என்று முட்டைக்காரம்மா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அது நான் போட்டது. அவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த வாய் ஈரம் காய்வதற்குள் போய் என் பெயரைத்தான் எழுதினேன். அங்கே சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஒன்றை மறைத்துப் பார்த்தது போதும்.

உங்கள் மச்சான்